இயந்திர வால்வு பொருத்திய பிறகு வீட்டில் தேறுதல்: மாத்திரை, கீரை, நெஞ்செலும்பு, காய்ச்சல்

குறிஞ்சிமலர்:

அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு நாற்பதுகளின் பிற்பகுதி வயது. சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் இடது மேலறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், என் தம்பி பிறந்த பின்பு பலூன் சிகிச்சையில் அதை விரித்துவிட்டிருந்தார்கள். இப்போது அது மீண்டும் சுருங்கி, கசிவும் சேர்ந்துகொண்டதால், முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் திறந்த இதய அறுவை சிகிச்சை செய்து இயந்திர வால்வு பொருத்தியிருக்கிறார்கள். அறுவை நன்றாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகுதான் குழப்பம்.

ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் மாத்திரை எழுதியிருக்கிறார்கள். ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்பதைக் காட்டும் ஐ.என்.ஆர். என்ற எண் 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும் என்று சீட்டில் உள்ளது. முதல் பரிசோதனையில் 1.8 வந்தது, மருந்தின் அளவைக் கூட்டினார்கள், அடுத்த பரிசோதனையில் 4.4 ஆகிவிட்டது. வீட்டில் பெரியம்மா கீரை என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்கிறார். சித்தியோ, அறுவை செய்த உடம்புக்கு ரத்தம் ஊற வேண்டும் என்று முருங்கைக்கீரை சூப்பைத் தூக்குவாளியில் கொண்டுவந்துவிடுகிறார். அம்மா படுத்தால் தூக்கம் வருவதில்லை என்று நாற்காலியிலேயே சாய்ந்து உறங்குகிறார். எழுப்பும்போது நாங்கள் இரு கைகளையும் பிடித்துத் தூக்குகிறோம், அதற்கு முகத்தைச் சுளிக்கிறார். இவற்றில் எதைப் பற்றிக் கவலைப்பட வேண்டும், எதை விட்டுவிடலாம் என்று அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

வெள்ளைச்சீருடை:

அன்புள்ள மகளுக்கு, நான் இதய அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய தீவிர சிகிச்சைப் பிரிவில் பல ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள். முதலில் அந்தக் கைபிடித்துத் தூக்கும் வழக்கத்தை இன்றே நிறுத்திவிடுங்கள். நெஞ்செலும்பை நடுவே பிளந்துதான் இதயத்தை அடைகிறார்கள்; முடிந்ததும் எஃகுக் கம்பிகளால் இழுத்துக் கட்டுகிறார்கள். எலும்பு ஓரளவு கூடுவதற்கு 6 முதல் 8 வாரம், முழு வலுவடைவதற்கு ஏறத்தாழ 3 மாதம் ஆகும். கையையோ அக்குளையோ பிடித்து இழுக்கும்போது அந்த இழுவிசை நேராகக் கூடிவரும் எலும்பின் மீதுதான் விழுகிறது. அம்மா முகம் சுளிப்பது அதனால்தான்.

கட்டிலிலிருந்து எழுவதற்கு ஒரு முறை இருக்கிறது. முழங்கால்களை மடக்கி, தோளும் இடுப்பும் ஒன்றாகத் திரும்புமாறு ஒரு பக்கமாகப் புரள வேண்டும். கால்களைக் கட்டிலுக்கு வெளியே தொங்கவிட வேண்டும். கால்களின் கனமே உடலைப் பாதி நிமிர்த்திவிடும். மீதிக்கு நீங்கள் முதுகுப்புறம் தோள்பட்டைக்குக் கீழே உள்ளங்கையை விரித்துத் தாங்கினால் போதும். கயிற்றுக் கட்டில் நடுவில் குழியும் என்பதால் இந்தக் காலத்துக்கு ஆகாது. நாற்காலியிலிருந்து எழும்போது கைப்பிடியை அழுத்தாமல், விளிம்புக்கு நகர்ந்து, கைகளை மார்போடு கட்டிக்கொண்டு, கால் பலத்தில் எழச் சொல்லுங்கள். இருமலோ தும்மலோ வந்தால் ஒரு சிறு தலையணையை மார்போடு இறுக அணைத்துக்கொள்ள வேண்டும். வலிக்குப் பயந்து இருமலை அடக்குவதுதான் தவறு. சளி தேங்கினால் நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிவிடும். மூன்று பந்து உள்ள மூச்சுப் பயிற்சிக் கருவி கொடுத்திருப்பார்கள், அதை அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

பெண்களுக்கு மருத்துவமனையில் பெரும்பாலும் சொல்லாமல் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. மார்பகங்களின் கனம் காயத்தின் இரு விளிம்புகளையும் பக்கவாட்டில் இழுக்கும். முன்பக்கம் கொக்கி வைத்த, கம்பி இல்லாத பருத்தி உள்ளாடையை இரவிலும் அணிந்தால் காயத்தின் கீழ்முனையில் வரும் எரிச்சலும் கசிவும் வெகுவாகக் குறையும். காயத்தின் மீது மஞ்சள், தேங்காய் எண்ணெய், திருநீறு எதையும் பூச வேண்டாம்.

இரண்டு லிட்டர் பாலைத் தூக்குவது வரைதான் இப்போதைக்கு அனுமதி. தண்ணீர்க் குடம், இட்லி மாவுப் பாத்திரம், பேரக்குழந்தை எதுவும் கூடாது. குனிந்து கோலம் போடுவது, கையால் துணி பிழிவது, உயரத்தில் கொடிகட்டித் துணி உலர்த்துவது ஆகியவையும் 3 மாதம் பொறுக்கட்டும். தரைமட்டக் கழிப்பறைதான் வீட்டில் இருக்கிறது என்றால் அதன்மேல் வைக்கும் பிளாஸ்டிக் நாற்காலி மருந்துக் கடைகளில் கிடைக்கிறது. நடக்க மட்டும் தடை இல்லை. உண்மையில் நடக்காமல் இருப்பதுதான் ஆபத்து. வீட்டுக்குள் சில நிமிடங்களில் தொடங்கி நாளுக்கு நாள் கூட்டலாம். நடந்துகொண்டே பேச முடிகிற வேகம்தான் சரியான வேகம்.

நெஞ்செலும்பில் கடக் கடக் என்று அசையும் உணர்வோ, காயத்தில் சீழோ நீரோ வந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். தலையணைகளை அடுக்கி முதுகைச் சற்று உயர்த்திப் படுப்பதில் தவறில்லை. ஆனால் படுத்தால் மூச்சு முட்டுவதால்தான் நாற்காலியில் உறங்குகிறாரா, அல்லது வலியாலும் பழக்கத்தாலும் உறங்குகிறாரா என்பதைப் பிரித்துப் பார்த்துச் சொல்லுங்கள். முன்னது என்றால் நீர் தேங்கியிருக்கலாம்.

ஆற்றங்கரையான்:

சகோதரி, எனக்கு, இதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாயிலில் உள்ள அயோட்டிக் வால்வு மாற்றப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா திருநாள் நிறுவனத்தில் டாக்டர் வலியத்தான் குழுவினர் உருவாக்கிய சித்ரா வால்வு என்னுடையது. 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார்கள். அதுவரை இறக்குமதி வால்வின் விலைக்கு வழியில்லாமல் திரும்பிப்போன குடும்பங்கள் எத்தனையோ. எனக்கு அந்த வால்வின் மீது ஒரு சொந்தப் பாசமே உண்டு, அதனால் இடையில் புகுத்திவிட்டேன்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உலோகம் அல்லது கார்பன் பரப்பில் ரத்தம் படிந்து உறையப் பார்க்கும். உறைந்தால் வால்வின் தட்டு சிக்கிக்கொள்ளும், அல்லது கட்டி உடைந்து மூளைக்குப் போகும். அதைத் தடுக்கத்தான் வாழ்நாள் முழுவதும் மாத்திரை. சாதாரண மனிதருக்கு ஐ.என்.ஆர். 1 அளவில் இருக்கும். அயோட்டிக் இயந்திர வால்வுக்குப் பெரும்பாலும் 2 முதல் 3 வரை போதும் என்பார்கள். மைட்ரல் வால்வின் வழியே ரத்தம் குறைந்த அழுத்தத்தில் மெதுவாகச் செல்வதாலும், மேலறை பெரும்பாலும் வீங்கியிருப்பதாலும், உறையும் வாய்ப்பு அதிகம். ஆகவேதான் உங்கள் அம்மாவுக்கு 2.5 முதல் 3.5. என் எண்ணை அவருக்கு ஒப்பிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

1.8இலிருந்து 4.4க்குத் தாவியது அச்சமூட்டினாலும் அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் அது அடிக்கடி நடப்பதுதான். அந்தக் காலத்தில் பசி இருக்காது, சாப்பாடு பாதியாகக் குறைந்திருக்கும், நோய்க்கிருமி மருந்துகள் ஓடிக்கொண்டிருக்கும். இதயத்துடிப்பு தாறுமாறாகி அமியோடரோன் கொடுத்திருந்தால் அது ஐ.என்.ஆரை வாரக்கணக்கில் மெல்ல மெல்ல உயர்த்திக்கொண்டே போகும். அந்த மருந்து சீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். இன்னொன்று, இன்று மாற்றிய அளவின் முழுப் பலன் இன்று தெரியாது, இரண்டு மூன்று நாள் கழித்துத்தான் தெரியும். எண்ணைப் பார்த்துப் பதறி நாமே மாத்திரையைக் கூட்டிக் குறைத்தால் ஊசல் இன்னும் வேகமாக ஆடும். 4.4 வந்து ரத்தக்கசிவு எதுவும் இல்லாதபோது, வழக்கமாக ஒரு வேளையை நிறுத்தியோ அளவைச் சற்றுக் குறைத்தோ மறுபடி பார்க்கச் சொல்வார்கள். அதைத் தொலைபேசியில் மருத்துவரே சொல்லட்டும்.

மாத்திரையை மாலையில் ஒரே நேரத்தில் கொடுங்கள். மாலை என்பதற்குக் காரணம், காலையில் எடுத்த பரிசோதனையின் முடிவு வந்த பிறகு அன்றைய அளவையே மாற்ற முடியும் என்பதுதான். மறந்துவிட்டால் அதே நாளில் நினைவு வரும்போது கொடுக்கலாம். மறுநாள்தான் நினைவு வந்தது என்றால் விட்டதை விட்டுவிட வேண்டும், இரண்டாகச் சேர்த்துக் கொடுக்கக் கூடாது. கடையில் அசிட்ரோம் இல்லை, வாஃபரின் இருக்கிறது, எல்லாம் ஒன்றுதான் என்று சொல்வார்கள். ஒன்றல்ல. இரண்டின் மில்லிகிராம் கணக்கும் வேறு, உடலில் தங்கும் நேரமும் வேறு. அட்டை தீர்வதற்கு ஒரு வாரம் முன்பே வாங்கி வைத்துவிடுங்கள். ஒரு நோட்டில் தேதி, மாத்திரை அளவு, ஐ.என்.ஆர்., புதிதாகச் சேர்ந்த மருந்து ஆகிய நான்கையும் எழுதி வாருங்கள். மருத்துவர் அந்தப் பக்கத்தைப் பார்த்துத்தான் முடிவெடுப்பார். உங்கள் நினைவிலிருந்து கேட்டு அல்ல.

தென்பாண்டியன்:

கீரையைப் பற்றி மேலே யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. என் மாமனாருக்கு வால்வு மாற்றியபோது கீரை, முட்டைக்கோசு எதையும் தொடவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொன்னார். அவரும் கீரையை அறவே விட்டுவிட்டார், ஐ.என்.ஆரும் நிலையாக இருக்கிறது. பெரியம்மா சொல்வதுதான் சரி. ரிஸ்க் எதற்கு? மேலும் ஆங்கில மருந்தைக் குறைக்க நாட்டு மருந்துக் கடையில் சில சூரணங்கள் கிடைக்கின்றன. வேண்டுமானால் விவரம் தருகிறேன்.

ஆற்றங்கரையான்:

நண்பர் தென்பாண்டியன் அவர்களுக்கு, உங்கள் மாமனாருக்கு நிலையாக இருப்பதில் மகிழ்ச்சி. ஆனால் அது கீரையை விட்டதால் அல்ல, ஒரே மாதிரி சாப்பிடுவதால். அசிட்ரோமும் வாஃபரினும் கல்லீரலில் வைட்டமின் கே செய்யும் வேலையைத் தடுத்துத்தான் ரத்தம் உறைவதைக் குறைக்கின்றன. கீரையில் அந்த வைட்டமின் நிறைய உண்டு. அளவு என்பது நோயாளி வழக்கமாகச் சாப்பிடுகிற வைட்டமினுக்கு ஏற்ப அமைக்கப்படுகிறது. அறவே விட்டவரின் உடலில் கையிருப்பு குறைந்திருக்கும். அவர் ஒரு கல்யாணப் பந்தியில் இரண்டு கரண்டி கீரை மசியலைச் சாப்பிட்டால் எண் சட்டென்று இறங்கும். வாரத்தில் இரண்டு நாள் ஒரே அளவு சாப்பிடுகிறவருக்கு அந்த ஆட்டம் குறைவு. ஆகவே என் கருத்தில் பெரியம்மா சொல்வதும் வேண்டாம், சித்தி தூக்குவாளியில் கொண்டுவருவதும் வேண்டாம். வாரத்துக்கு இத்தனை நாள், இத்தனை கரண்டி என்று வீட்டில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொண்டு, அதை மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அதன்மீது அளவை அமைத்துக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது. சாம்பாரில் கிடக்கும் கொத்தமல்லித் தழைக்கெல்லாம் கணக்குப் பார்க்க வேண்டியதில்லை.

சூரணத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. சித்த மருத்துவத்தின் மீது எனக்கு வெறுப்பு ஒன்றும் கிடையாது. ஆனால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்று தெரியாத பொடியை, ஒரு மில்லிகிராம் மாறினாலே எண் புரளும் மருந்தோடு சேர்க்க முடியாது. அந்த விவரத்தை இங்கே இட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

புதுவயல்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். பரிசோதனையே தேவைப்படாத புதிய ரத்த உறைவுத் தடுப்பு மருந்துகள் வந்துவிட்டனவே, இயந்திர வால்வு உள்ளவர்களுக்கு ஏன் அவற்றைத் தருவதில்லை?

ஆற்றங்கரையான்:

முயன்று பார்த்துவிட்டார்கள். அந்தப் புதிய மருந்துகளில் ஒன்றான தபிகாட்ரானை இயந்திர வால்வு உள்ளவர்களிடம் சோதித்த ஆய்வு, வாஃபரினைவிட ரத்தக்கட்டும் ரத்தக்கசிவும் இரண்டுமே அதிகமாக ஏற்பட்டதால் 2012இல் பாதியில் நிறுத்தப்பட்டது. இன்னொன்றான அபிக்சபானை ஒரு வகை அயோட்டிக் இயந்திர வால்வில் சோதித்த ஆய்வும், ரத்தக்கட்டு அதிகமானதால், 2022இல் நின்றது. விலங்குத் திசுவால் செய்த வால்வு பொருத்தியவர்களின் நிலைமை வேறு. இயந்திர வால்வு என்றால் இப்போதைக்கு இந்தப் பழைய மருந்துதான்.

குறிஞ்சிமலர்:

எல்லோருக்கும் நன்றி. அமியோடரோன் சீட்டில் இருக்கிறது; மருத்துவரிடம் கேட்டபோது அவரும் அதைத்தான் காரணமாகச் சொல்லி அளவைக் குறைத்திருக்கிறார். படுக்கும்போது மூச்சு முட்டவில்லை என்று அம்மா சொல்கிறார். படுத்தால் வால்வின் டிக் டிக் ஓசை காதுக்குள் கேட்கிறதாம், அதனால்தான் உட்கார்ந்தே இருக்கிறாராம். இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. சில சமயம் காரணமில்லாமல் அழவும் செய்கிறார்.

இரண்டு கேள்விகள். எங்கள் கிராமச் செவிலியர், வால்வையே மாற்றிவிட்டதால் மூன்று வாரத்துக்கு ஒரு முறை போட்டுவந்த பெனிசிலின் ஊசி இனித் தேவையில்லை என்கிறார். அது சரியா? அடுத்தது எழுதக் கூச்சமாக இருக்கிறது. இம்மாதம் அம்மாவுக்கு மாதவிலக்கு மிக அதிகமாகப் போகிறது. மாத்திரையை நிறுத்தலாமா என்று கேட்கிறார்.

வெள்ளைச்சீருடை:

கூச்சப்படாமல் கேட்டதற்கு நன்றி மகளே, இதைக் கேட்காமல் தானாகவே மாத்திரையை நிறுத்திவிட்டு, பக்கவாதத்தோடு வந்து சேர்ந்த பெண்களை என் பணிக்காலத்தில் பார்த்திருக்கிறேன். நிறுத்தக் கூடாது. நாளையே ஐ.என்.ஆரும் ஹீமோகுளோபினும் பாருங்கள். எண் மேலே ஏறியிருந்தால் அதைச் சரிசெய்தாலே போக்கு குறையலாம். எண் சரியாக இருந்தும் அதிகம் போனால், மாதவிலக்கு நிற்கும் வயதை நெருங்குவதால் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, கருப்பையில் வேறு காரணம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அவரிடம் முதல் வாக்கியத்திலேயே இயந்திர வால்வு இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். ஏனென்றால் சில ஹார்மோன் மாத்திரைகள் ரத்தம் உறைவதைக் கூட்டும். ஒரு மணி நேரத்தில் ஒரு நாப்கின் முழுவதும் நனைகிறது, தலை சுற்றுகிறது என்றால் நாளை வரை காத்திருக்க வேண்டாம்.

பெனிசிலினைப் பொறுத்தவரை அந்தச் செவிலியர் சொன்னது தவறு. மாற்றியது ஒரு வால்வைத்தான். தொண்டையில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி மீண்டும் தொற்றினால் ருமாட்டிக் காய்ச்சல் திரும்பி வந்து, இன்னும் நன்றாக இருக்கும் மற்ற வால்வுகளையும் இதயத் தசையையும் தாக்கும். ஆகவே பெரும்பாலான இதய மருத்துவர்கள் வால்வு மாற்றிய பிறகும் தொடரவே சொல்கிறார்கள். எந்த வயது வரை என்பதை அவர்கள் முடிவு செய்வார்கள். ஒரு சிக்கல் மட்டும் உண்டு. அது தசையில் போடும் ஊசி. ஐ.என்.ஆர். அதிகமாக இருக்கும் நாளில் போட்டால் பிட்டத்தில் ரத்தம் கட்டும். அளவுக்குள் இருக்கும்போது போட்டு, ஊசி போட்ட இடத்தைத் தேய்க்காமல் சில நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். சிலருக்கு ஊசிக்குப் பதிலாகத் தினமும் இரு வேளை பெனிசிலின் மாத்திரை கொடுப்பார்கள். இதய மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கி, அந்தச் சீட்டைக் கிராமச் செவிலியரிடம் காட்டுங்கள். மற்றபடி, உடம்பு வலிக்கு, சளிக்கு என்று கிளினிக்கில் போடும் இடுப்பு ஊசி எதுவும் இனி வேண்டாம். வலிக்கு டைக்ளோபெனாக், புரூஃபன் வகை மாத்திரைகளும் கூடாது. பாராசிட்டமாலே போதும், அதையும் நாள்கணக்கில் நான்கு வேளை எடுத்தால் எண் ஏறும்.

முல்லைநிலம்:

சகோதரி, அம்மா அழுவதைப் பற்றி யாரும் எழுதவில்லை என்பதால் எழுதுகிறேன். என் கணவருக்கு இதே அறுவை நடந்தது. வாய்க்கு எதுவும் ருசிக்காமல், இரவு முழுவதும் விழித்துக்கொண்டு, பழைய பெயர்களை மறந்து, எதற்கெடுத்தாலும் கண் கலங்கிக்கொண்டிருந்தார். பெரிய அறுவைக்குப் பிறகு முதல் சில வாரங்களில் இப்படி வருவது பொதுவானது என்றும் பெரும்பாலும் தானே தெளியும் என்றும் மருத்துவர் சொன்னார். வாரங்கள் கடந்தும் மாறவில்லை, உயிரோடு இருந்து என்ன பயன் என்பது போன்ற பேச்சு வருகிறது என்றால் மட்டும் மனநல மருத்துவரிடம் போகத் தயங்காதீர்கள். ஆனால் அங்கே எழுதும் மாத்திரைகளில் சிலவும் ரத்தக்கசிவைக் கூட்டும் என்பதால் அசிட்ரோமைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அந்த ஓசைக்கு நாங்கள் கண்டுபிடித்த வழி மிக எளிது. மின்விசிறியின் வேகத்தைக் கூட்டி, இடது பக்கம் திரும்பிப் படுக்காமல் பார்த்துக்கொண்டோம். நாளாக நாளாக அவர் காது அதைக் கேட்பதையே விட்டுவிட்டது. ஓசை நன்றாகக் கேட்பது நல்ல செய்தி என்று அம்மாவிடம் சொல்லுங்கள். தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்தது திடீரென்று மங்கி, கூடவே மூச்சுத் திணறலும் வந்தால்தான் வால்வில் ரத்தக்கட்டு என்று சந்தேகித்து உடனே ஓட வேண்டும்.

வடலி:

யாழ்ப்பாணத்தில் இருந்து எழுதுகிறேன். என்னுடைய தமையனாருக்கு இயந்திர வால்வு பொருத்தப்பட்டு, வைத்தியசாலைக் கிளினிக்கில் வாஃபரின் குளிசை எடுத்து வருகிறார். நீங்கள் எல்லோரும் எழுதியவற்றில் காய்ச்சலைப் பற்றிய பகுதி மட்டும் விடுபட்டிருப்பதால், அதை வலியுறுத்த விரும்புகிறேன்.

செயற்கை வால்வு உள்ளவருக்குக் காய்ச்சல் 38 பாகை செல்சியஸுக்கு மேல் போனால், அது வால்வில் கிருமி தொற்றியதன் முதல் அறிகுறியாக இருக்கக்கூடும். எங்கள் ஊரிலும் உங்கள் ஊரிலும் மக்கள் செய்வது ஒன்றே. மருந்துக்கடையில் நுண்ணுயிர்க்கொல்லி வாங்கி மூன்று நாட்களுக்கு விழுங்குகிறார்கள். காய்ச்சல் அடங்குவதுபோல் அடங்கும், ஆனால் வால்வில் ஒட்டிய கிருமி சாகாது. பின்னர் இரத்தத்தை வளர்ப்புச் சோதனைக்கு எடுத்தால், ஏற்கெனவே மருந்து ஓடிக்கொண்டிருப்பதால் எந்தக் கிருமி என்பதும் தெரியவராது. அதனால் முதலில் வளர்ப்புச் சோதனைக்கு இரத்தம் எடுக்க வேண்டும், அதன் பிறகே மருந்து என்பதை வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். தமையனாரின் கிளினிக் கொப்பியின் முதற்பக்கத்தில் இதைச் சிவப்பு மையால் எழுதி ஒட்டியிருக்கிறோம். அறுவை முடிந்த சில வாரங்களில், இதயத்தைச் சுற்றிய உறையின் அழற்சியாலும் காய்ச்சலும் நெஞ்சு வலியும் வருவதுண்டு. ஆனால் எது எது என்பதை வீட்டில் இருந்து தீர்மானிக்க இயலாது.

மழைக்காலத்தில் இன்னொரு சிக்கல் டெங்கு. அதில் இரத்தத் தட்டுகள் (பிளேட்லெட்) குறையும். குளிசையோ இரத்தம் உறைவதைத் தடுத்துக்கொண்டிருக்கும். இரண்டும் சேர்ந்தால் எந்தப் பக்கமும் ஆபத்து. தமையனாருக்கு ஒருமுறை டெங்கு வந்தபோது வைத்தியசாலையில் அனுமதித்து, நாள்தோறும் தட்டு எண்ணிக்கையும் ஐ.என்.ஆரும் பார்த்தபடியே வைத்தியர்கள் சமாளித்தார்கள். வீட்டில் பப்பாசி இலைச் சாறு கொடுத்துப் பார்க்கலாம் என்று உறவினர் சொன்னதை நாங்கள் ஏற்கவில்லை.

வெள்ளைச்சீருடை:

வடலி எழுதியதை அப்படியே வழிமொழிகிறேன். அதனுடன் எடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, எதுவும் சாப்பிடுமுன், ஒரே எந்திரத்தில் எடை பாருங்கள். ஒரே நாளில் 1 கிலோவுக்கு மேலோ, ஒரு வாரத்தில் 2 கிலோவுக்கு மேலோ கூடினால் அது சதை அல்ல, நீர். காலில் அழுத்தினால் குழி விழுகிறதா என்று பார்த்து மருத்துவரை அழையுங்கள். ஊறுகாய், அப்பளம், வற்றல், கருவாடு ஆகிய நான்கும்தான் நம் வீடுகளில் உப்பு ஒளிந்திருக்கும் இடங்கள்; குழம்பில் உப்பைக் குறைத்துவிட்டு ஊறுகாயைத் தொட்டுக்கொள்வதில் பயனில்லை.

வாய் ஒரு பக்கம் கோணுவது, ஒரு கை தளர்வது, பேச்சுக் குழறுவது ஆகியவை ஐந்து நிமிடத்தில் சரியாகிவிட்டாலும் 108ஐ அழைத்து சி.டி. ஸ்கேன் உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். தலையில் அடிபட்டால், வெளியே காயமே இல்லாவிட்டாலும், அதே விதிதான். மலம் தார் போலக் கறுத்துப் போனாலும் சிறுநீர் சிவந்தாலும் சொல்லுங்கள். இரும்புச் சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும் என்பதால் அம்மா அதைச் சாப்பிடுகிறாரா என்று முதலில் பாருங்கள்.

குறிஞ்சிமலர்:

மன்னிக்கவும், பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. ஐ.என்.ஆர். இப்போது 2.9. மாதவிலக்கு அன்று அதிகமாகப் போனதற்கு எண் ஏறியிருந்ததே காரணம் என்றார்கள். ஹீமோகுளோபினும் குறைவாக இருந்ததால் இரும்புச் சத்து மாத்திரை எழுதியிருக்கிறார்கள், மகப்பேறு மருத்துவரையும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். பெனிசிலினைத் தொடருமாறு இதய மருத்துவர் எழுதிக் கொடுத்துவிட்டார். அமியோடரோனை நிறுத்தப் போவதாகவும், நிறுத்திய பிறகு எண் மெல்லக் குறையும் என்பதால் அடிக்கடி பார்க்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். புதிய வால்வின் அடிப்படை நிலையைப் பதிவு செய்ய எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுக்கவும் தேதி கொடுத்திருக்கிறார்கள். சித்தியிடம் வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரைப் பொரியலைச் செய்து தரும் பொறுப்பை ஒப்படைத்துவிட்டேன். பெரியம்மாதான் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறார்.

கடைசியாக ஒன்று. அம்மாவுக்கு ஒரு கடைவாய்ப் பல் சொத்தையாகி ஆடுகிறது. பிடுங்குவதற்கு அசிட்ரோமை எத்தனை நாள் நிறுத்த வேண்டும்?

ஆற்றங்கரையான்:

நீங்களாக ஒரு நாளும் நிறுத்தாதீர்கள். ஒரு பல்லைப் பிடுங்குவதற்குப் பெரும்பாலும் நிறுத்த வேண்டிய தேவையே இருக்காது. பிடுங்கும் நாளுக்கு முந்தைய நாளோ அன்று காலையோ ஐ.என்.ஆர். பார்த்து, அது அளவுக்குள் இருந்தால், தையல் போட்டும் பஞ்சு வைத்து அழுத்தியும் ரத்தத்தை நிறுத்திவிடுவார்கள். ஆனால் பல் மருத்துவரிடம் போவதற்கு முன்பே இதய மருத்துவரின் கடிதத்தை வாங்கிக்கொள்ளுங்கள்.

அதைவிட முக்கியமானது, வாயிலுள்ள கிருமிகள் ரத்தத்தில் கலந்து வால்வில் போய் ஒட்டாமல் தடுக்கும் முன்மருந்து. வழக்கமாக அமாக்சிசிலின் 2 கிராமைச் சிகிச்சைக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு ஒரே வேளையாகக் கொடுப்பார்கள். மூன்று வாரத்துக்கு ஒரு முறை போடும் பெனிசிலின் ஊசி இதற்கு ஈடாகாது. ஆனால் அந்த ஊசி போட்டுக்கொள்வதைச் சொன்னால் வேறு மருந்தைத் தேர்ந்தெடுக்க வேண்டுமா என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பல் சுத்தம் செய்வதற்கும் இதே முன்மருந்து உண்டு. பல்லுக்கென்று பின்னர் எழுதும் மாத்திரைகளில் மெட்ரோனிடசோல் இருந்தால் அதை இதய மருத்துவரிடம் காட்டாமல் தொடங்க வேண்டாம்; ஐ.என்.ஆரை வெகுவாக ஏற்றிவிடும் மருந்து அது.

வீடு திரும்பும்போது வால்வின் வகை, அளவு, வரிசை எண் அச்சிட்ட சிறு அட்டை ஒன்றைக் கொடுத்திருப்பார்கள். அதன் நகலைக் கடிதத்தோடு சேர்த்துப் பல் மருத்துவரிடம் கொடுங்கள். பின்னாளில் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்லி, உடம்பில் உலோகம் இருக்கிறதே என்று மறுத்தாலும் அந்த அட்டைதான் பதில் சொல்லும்; இன்று பொருத்தப்படும் வால்வுகளோடு பொதுவாக எம்.ஆர்.ஐ. எடுக்க முடியும். பல் பிடுங்கிய ஒரு வாரத்துக்குள் மறுபடி ஒரு ஐ.என்.ஆர். பார்த்துவிட்டு, எண்ணை இங்கே எழுதுங்கள்.